மலையேறுவார்க்கு ஓர் ஆற்றுப்படை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலையிலும் மலை பெயரளவிலேதான் உண்டு. கொக்குவிலிலிருந்து எத்திசை நோக்கி நடந்தாலும் பனையும் வேலியும் ஒழுங்கையுமே கண்ணிற்படும். வழி தவறினால் அடுத்த படலையில் நின்று கேட்டுக்கொள்ளலாம். இத்தகைய சமநிலத்திற் பிறந்து வளர்ந்த நம் மாணாக்கர், விடுமுறை வந்ததும் சிவனொளிபாதமலைக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் குழுக்குழுவாகப் புறப்படுகின்றனர். அது போற்றற்குரியதே, மலைநாட்டைக் காணாதவன் ஈழத்திற் பாதியைக் காணாதவன். ஆனால் மலைக்காட்டிற் படலையும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. வழியோரத்துப் பலகை ஒன்றே அங்கே வாய் திறந்து பேச வல்லது. அப்பலகையைத் திருத்தினால் புதியோர்க்கு நேரும் இடர் குறையுமா? குறையும் என்பதே என் துணிபு. எனினும் எத்தகைய பலகை என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் மேல்நாடு செல்ல வேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நம் கையில் இருக்கின்றது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் அந்நூலை, நன்னன் என்னும் தலைவன்மேற் பெருங்கௌசிகனார் 583 அடிகளாற் பாடினார். பரீட்சை முடிந்ததும் மூடிவைக்கும் நூலாகவே நம்மிற் பலர் அதனைக் கருதுகின்றனர். மலைவழியை முன்பின் அறியாத கூத்தர்க்கு, அவ்வழியே சென்று மீண்ட ஒருவன் கூறும் அறிவுரை அது. எங்கே பாம்பு மறைந்து கிடக்கும், எங்கே தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும், எங்கே கால் வழுக்கும் என்றெல்லாம் அவன் இடஞ்சுட்டி உரைக்கின்றான். உரைத்ததோடு நில்லாது, அவ்விடத்திற் செய்யத்தக்கது யாது என்பதையும் உடன் கூறுகின்றான். கிளைவழி பிரியும் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறு புதியோரைப் பணிக்கின்றான். குறவரும் திசை மயங்கும் குன்றிற் சிக்கினால், மேலும் நடவாது அகன்ற பாறையில் ஒருங்கு கூடி நின்று இசைக்கருவிகளை முழக்குக என்கின்றான். காடு காக்கும் கானவர் அவ்வொலி கேட்டு, வெள்ளத்தில் வீழ்ந்தாரைக் காக்க ஓடுவார்போல விரைந்து வருவர் என்று தேற்றுகின்றான். வழி தவறினால் அலையாதே, நின்ற இடத்தில் நின்று ஒலியெழுப்பு என்பதே இன்றும் மலையேற்றம் பயிற்றுவோர் கூறும் முதற்பாடம்.

இந்த அளவுகோலை நம் காலத்துப் பலகைகளுக்கு வைத்துப் பார்ப்போம். "அபாயம்" என்னும் ஒரு சொல்லைச் சிவப்பு மையில் எழுதி நிறுத்திவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் உளர். என்ன அபாயம்? எத்தனை அடி தொலைவில்? மழை பெய்தால் மட்டுமா, எக்காலத்துமா? திரும்புவதா, சுற்றிச் செல்வதா? இவற்றுள் ஒன்றையும் சொல்லாத பலகை, அச்சத்தை ஊட்டுமேயன்றி அறிவைத் தராது. அச்சமோ பத்தடி நடந்ததும் மறையும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையை முற்பகலிலேயே மூடுபனி மறைத்துவிடுவது வழக்கம். அங்கே "அபாயம்" என்பதினும், "பனி மூடினால் அடியெடுத்து வைக்காதீர், விளிம்பு தெரியாது" என்பது உயிர் காக்கும் வாக்கியமாகும்.

அவ்வாக்கியம் பிழையற்ற தமிழில் இருத்தலும் இன்றியமையாதது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. இருந்தும் பொதுவிடத்துப் பலகைகளில் நம் மொழி படும் பாட்டை அறியாதார் இலர். "வழுக்கும் பாறை" என்பதில் ஓர் உகரம் தவறினால் "வழக்கும் பாறை" ஆகிவிடும். கடைப்பலகையில் எழுத்துப்பிழை நேர்ந்தால் நகைத்துவிட்டுப் போகலாம். மலையுச்சியில் நேர்ந்தால் நகைப்பதற்கு இடமில்லை. தமிழ் மட்டும் அறிந்த பிள்ளையும் ஏனையோரைப் போல உயிருடையவனே. இதனை மொழிப்பற்றாற் கூறுகின்றேன் என்று எவரும் தள்ளிவிடற்க.

பலகையால் மட்டும் எல்லாம் நிறைவேறிவிடுமோ எனின், ஆகாது. 2018 மார்ச் 11ஆம் நாள் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தில், குரங்கணியை அடுத்த மலைச்சரிவில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலர்ந்த புல் நிறைந்த வேனிற்காலம் அது. அவர்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி இருக்கவில்லை என அரசு பின்னர் அறிவித்தது. தீ சூழ்ந்தபின் எந்த அம்புக்குறி யாரைக் காக்கும்? ஆதலின் இடைவழிப் பலகை பத்தினும் தலைவாயிற் பலகை ஒன்று பெரிது. இன்று செல்லலாமா, எத்தனை மணிக்குள் மீளவேண்டும், வழிகாட்டி இன்றிப் புகலாமா, இடர் வந்தால் யாரை அழைப்பது என்பன அங்கேயே எழுதப்படல் வேண்டும். நாள்தோறும் மாறும் செய்தியை நாள்தோறும் மாற்றி எழுத ஒருவர் அங்கே இருத்தலும் வேண்டும்.

அத்துயரின் பின் அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இயற்றப்பட்டன. 2024இல் நாற்பது மலைவழிகளை அரசு முறைப்படுத்தித் திறந்தபோது, மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றி அமர்த்தியது. பெருங்கௌசிகனாரின் கானவர் மீண்டும் வந்தனர் என்று நான் மகிழ்ந்தேன். நம் நாட்டிலும் ஹந்தானையிற் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி, 22 பகுதிகளாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றது. தேயிலைத் தோட்டங்களூடே செல்லும் அவ்வழியை அங்கு வாழும் தமிழ்த் தொழிலாளரினும் நன்கறிந்தவர் யாவர்? எவ்விடத்தில் எப்பலகை வேண்டும் என்று அவர்களைக் கேட்டு நாட்டுதலே முறை.

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. பலகைகளின் தமிழைப் பார்த்துத் திருத்தித் தருவதற்குத் தமிழாசிரியர் கூலி கேளாது முன்வரல் வேண்டும். சுற்றுலாவுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும் பாடசாலைகள், பேருந்து ஏறுமுன் ஒரு பாடவேளையை மலைபடுகடாத்துக்கு ஒதுக்குக. புல் முடிந்து வைக்கச் சொன்ன புலவனின் கருணையை உணர்ந்த பிள்ளை, பலகையைக் கண்டால் நின்று வாசிப்பான். தனக்குப் பின்வருவோர்க்காக அதனைச் சிதைக்காமலும் செல்வான்.