இரண்டு தூரங்கள்

'தூரம்' என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவு ஒன்று. மாதந்தோறும் பெண்ணை வீட்டின் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கும் வழக்கம் மற்றொன்று. இவ்விரண்டு தூரங்களும் கைகோத்துக்கொண்டால் ஒரு பெண்ணின் நோயை எத்தனை ஆண்டுகள் மறைத்து வைக்க வல்லவை என்பதை நம் மன்றத்துத் தோழர்களும் தோழியரும் எண்ணிப் பார்த்ததுண்டா?

நான் அந்தமான் தீவுகளுள் ஒன்றான ஹேவ்லாக்கில் வளர்ந்தவள். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்கு 'ஸ்வராஜ் தீவு' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். 2024இல் போர்ட் பிளேயரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர்கள் மாறின, இடையே கிடக்கும் கடல் மாறவில்லை. ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம். கடல் கொந்தளித்தால் அன்று கப்பலே இல்லை. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் தீவிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. மகளிர் நோய் வல்லுநரைக் காண வேண்டுமென்றாலோ, தலைநகரிலுள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனைக்குக் கப்பலேறுவதே எங்கள் வழக்கம்.

நான் பேச வந்த நோய், சினைப்பை நீர்க்கட்டி என்று மக்கள் வழங்கும் பி.சி.ஓ.எஸ். 1935இல் சிக்காகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களிடம் கண்டு எழுதிய நோய் இது. இன்று குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கேனும் இது உண்டு என்றும், அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை நோய் இன்னதென்றே அறியாமல் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 'கட்டி' என்னும் பெயரே பொருந்தாப் பெயர். அவை முழு வளர்ச்சி பெறாமல் நின்றுவிட்ட முட்டைப் பைகள். அறுத்தெறிய வேண்டிய கட்டிகள் அல்ல.

எனக்கு நோய் இன்னதென்று தெரிய மூன்று ஆண்டுகள் ஆயின. "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் ஒரு மருத்துவர். "ஸ்கேன் எடுத்து வா, பிறகு பார்க்கலாம்" என்றார் இன்னொருவர். ஸ்கேனுக்குக் கப்பல் வேண்டும். கப்பலுக்குப் பணம் வேண்டும். துணைக்கு வரும் தந்தைக்கு இரண்டு நாள் கூலி போகும். இதையெல்லாம் எண்ணி எத்தனை வீடுகளில் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்கிறார்கள்! அடுத்த மாதம் அடுத்த ஆண்டாகிறது.

நான் சொல்ல விரும்பும் கருத்து இதுதான்: இந்நோயை அறியும் வேலை கப்பலில் தொடங்க வேண்டியதில்லை, தீவிலேயே தொடங்கலாம்.

2003இல் ராட்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் மூன்று அடையாளங்களை வகுத்தார்கள். மாதவிலக்கு ஒழுங்கின்றி வருவது முதலாவது. ஆண்மை ஹார்மோன் மிகுவது இரண்டாவது. முகத்திலும் மார்பிலும் தடித்த மயிர் வளர்வது அதன் வெளிச்சான்று. ஸ்கேனில் தெரியும் சூலக மாற்றம் மூன்றாவது. மூன்றில் இரண்டு இருந்து, அவற்றுக்கு வேறு நோய் காரணமில்லை என்று தெளிந்தால் போதும். 2023இல் வெளிவந்த பன்னாட்டு நெறிமுறை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. முதல் இரண்டும் இருப்பின் நோயை உறுதி செய்ய ஸ்கேன் தேவையில்லை. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்ணுக்கு இந்நோயை அறிய ஸ்கேனே கூடாது. அவ்வயதில் நலமான சூலகமும் அப்படித்தான் தோன்றும்.

அப்படியானால் பதினாறு வயதுப் பெண்ணை ஸ்கேனுக்காகக் கடல் கடக்கச் செய்வது எதற்கு? அவளிடம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். பூப்பெய்தி மூன்றாண்டு கடந்த பின்னும் 21 நாளுக்கு முன்போ 35 நாளுக்குப் பின்போ மாதவிலக்கு வருகிறதா? ஆண்டில் எட்டு முறைக்கும் குறைவா? பார்க்க வேண்டியவை எடை, இரத்த அழுத்தம், முகமும் தோலும். கருவுற்றிருக்கிறாளா என்பதைத் தேவைப்படின் முதலில் தெளிய வேண்டும். தைராய்டு, புரோலாக்டின், ஆண்மை ஹார்மோன், சர்க்கரை ஆகியவற்றை அறிய இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். பெண் போக வேண்டிய கப்பலில் அவளுடைய இரத்தக் குப்பி போகட்டுமே!

"வல்லுநர் பாராமல் முடிவு செய்வது ஆபத்தன்றோ?" என்று கேட்பர். நியாயமான கேள்விதான். திடீரென மயிர் வளர்ந்து குரல் தடித்தாலும், தாங்க முடியாத வயிற்றுவலியோ பெரும் உதிரப்போக்கோ இருந்தாலும் உடனே கப்பலேற்றத்தான் வேண்டும். மற்றவர்க்கு வல்லுநரின் கண் தொலைபேசி வழியே வரலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாக அந்தமானைச் சென்னை மருத்துவர்களோடு இணைத்துக் காட்டியது. இன்று இ-சஞ்சீவனி என்னும் அரசுத் தொலைமருத்துவச் சேவையும் இருக்கிறது. கருவி வந்துவிட்டது, அதன் முன் உட்கார வைக்க வேண்டிய பெண்தான் இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை? இங்கேதான் இரண்டாவது தூரம் குறுக்கே நிற்கிறது. ஹேவ்லாக்கில் பெரும்பாலோர் வங்காளிகள், பொதுமொழி இந்தி. தாயிடமே தமிழில் வாய்விட்டுச் சொல்ல நாணும் ஒன்றை, இந்தியில் யாரோ ஒருவரிடம் எப்படிச் சொல்வாள்? ஆகவே பள்ளியில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் கையே, விலக்கு நாளைக் குறித்துக்கொள்ள ஒரு சிறு அட்டையும் கொடுக்கட்டும். வாய் சொல்லத் தயங்குவதை அட்டை சொல்லிவிடும்.

தாமதத்தின் விலை சிறிதன்று. இந்நோயுடையார்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. மாதக்கணக்கில் விலக்கு நின்றால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றாகும் அபாயமும் உண்டு. மனச்சோர்வைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டுமா? காலத்தில் கண்டால் இவற்றை அடக்க உணவும் உடற்பயிற்சியும் மாத்திரையும் உள்ளன. குழந்தைப் பேற்றுக்கும் வழியுண்டு.

தோழியரே! நம் பல்கலைக்கழக வாயிலிலிருந்து கூப்பிடு தொலைவில் மருத்துவமனை இருக்கிறது. கடல் இல்லாத இடத்தில் நாம் ஏன் ஒரு கடலை வெட்டிக்கொள்ள வேண்டும்? நாட்களைக் குறித்து வையுங்கள். நோயென்று சொன்னால், "எந்த இரண்டு அடையாளத்தால் சொல்கிறீர்கள்?" என்று துணிந்து கேளுங்கள். தோழர்களே! நாளை மருத்துவராகவும் ஆட்சியாளராகவும் தீவுகளுக்குப் போகப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, பெண்ணின் உடலைப் பற்றிச் சட்டமன்றத்திலேயே பேசினார். நூறாண்டு கழித்து நாம் விடுதி அறையில்கூடப் பேசத் தயங்குவது அழகா?

கடலின் தூரத்தைக் குறைக்க அரசு வேண்டும், பணம் வேண்டும், காலம் வேண்டும். மற்றத் தூரத்தைக் குறைக்க நாமே போதும். அதை இந்த மாதமே தொடங்குவோம்.