எண்பதுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவில்

பெறுநர்: தலைமைத் தேர்தல் ஆணையர், இந்தியத் தேர்தல் ஆணையம், புதுதில்லி



செகந்திராபாத் கன்டோன்மென்டில், திருமுல்கேரியிலிருந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் ராணுவ மருத்துவமனை, இன்னொரு பக்கம் லால் பஜார், நடுவில் எங்கள் தெருக்கள். தலைமுறைகளாக இங்கே தமிழ்க் குடும்பங்கள் உண்டு. எங்கள் கன்டோன்மென்ட் வாரியத்துக்கு 2015 ஜனவரி 11-க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. 2023 ஏப்ரல் 30 என்று தேதி குறித்துவிட்டு மார்ச் மாதமே ரத்து செய்தார்கள். அது பாதுகாப்பு அமைச்சகத்தின் விவகாரம், உங்களிடம் முறையிட்டுப் பயனில்லை. ஆனால் அதனாலேயே சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் போடும் ஓட்டை இங்குள்ளவர்கள் லேசில் விடுவதில்லை. நான் எழுதுவது தபால் ஓட்டைப் பற்றி.

இந்தப் பக்கத்தில் தபால் ஓட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பட்டாளத்துக்காரர்தான். முன்பெல்லாம் அவருடைய வாக்குச்சீட்டு தபாலில் போய், தபாலில் திரும்பும். பல நேரம் எண்ணிக்கை முடிந்த பிறகு வந்து சேரும். 2016 நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் சீட்டைக் கணினி வழியே அனுப்பிப் பார்த்தீர்கள். 2019-இல் நாடு முழுக்க அதே முறை. இப்போது சீட்டு நொடியில் போகிறது, அவர் அச்செடுத்துக் குறியிட்டு உறையில் போட்டு அனுப்பினால் போதும். பெண் அதிகாரியின் கணவருக்கும் அந்த வசதி 2021 சட்டத் திருத்தத்தில் வந்தது. மனம் வைத்தால் விதி மாறும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

வீட்டில் படுத்திருப்பவர்களின் கதை வேறு. 2019 அக்டோபரில் 80 வயது தாண்டியவர்களுக்கும், ஊனம் உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே ஓட்டுப்போட விதி செய்தார்கள். பெயர் தபால் ஓட்டு, ஆனால் தபால்காரருக்கு அதில் வேலையே கிடையாது. 2023 நவம்பரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு குழு வந்தது: தேர்தல் அலுவலர்கள் இரண்டு பேர், ஒரு போலீஸ்காரர், கேமராவோடு ஒரு பையன். கட்டிலை ஒட்டி அட்டைத் தடுப்பை நிறுத்திவிட்டு, ஓட்டுப்போடும் நேரத்தில் மருமகளை வெளியே நிற்கச் சொன்னார்கள். பாட்டி தலையணையில் சாய்ந்தபடி குறியிட்டு, சீட்டை மடித்துச் சின்ன உறையில் போட்டார். அந்த உறையும் உறுதிமொழித் தாளும் பெரிய உறைக்குள் போயின. அலுவலர் கையெழுத்திட்டார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. குழு போன பிறகு, யாருக்குப் போட்டீர்கள் என்று மருமகள் கேட்டதற்குப் பாட்டி வாயே திறக்கவில்லையாம்.

நவம்பர் 30-இல் அந்தச் சட்டமன்றத் தேர்தல் முடிந்தது. எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் லாஸ்யா நந்திதா. 2024 பிப்ரவரி 23-இல் சாலை விபத்தில் அவர் இறந்துபோனார். அதே தொகுதிக்கு மே 13-இல், மக்களவைத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல். இதற்கு நடுவே, மார்ச் 1-ஆம் தேதி, வயது வரம்பு 80-இலிருந்து 85 ஆகிவிட்டது. நவம்பரில் கட்டிலில் கிடந்தபடி ஓட்டுப்போட்ட 81, 82 வயதுக்காரர்கள் மே மாதம் எழுந்து பூத்துக்கு நடந்து வர வேண்டும் என்று ஆகிவிட்டது. அதே தொகுதி, அதே வீடு, அதே கட்டில். ஐந்தரை மாதத்தில் யாருக்கும் வயது குறைந்துவிடவில்லை. ஆனால் இந்த வரம்பு ஓரிடத்தில் நின்றதே இல்லை. 2020 ஜூனில் 65 என்றார்கள். ஜூலையில், பிகாரில் அதை நடைமுறைப்படுத்த முடியாது என்று ஆணையமே சொன்னது.

85 ஆக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம், 80 தாண்டியவர்களில் 97, 98 சதவீதம் பேர் பூத்துக்கே வந்துவிடுகிறார்கள் என்பது. ஐயா, இது வசதியைக் குறைப்பதற்கான கணக்கா? நடக்க முடிந்தவர் நடந்து வந்துவிட்டார். நூற்றில் மீதமுள்ள இரண்டு மூன்று பேருக்காகத்தானே இந்த ஏற்பாடே. அவ்வளவு பேர் கேட்கவே இல்லை என்றால் செலவும் அலைச்சலும் குறைவுதானே! 80-லேயே விட்டிருந்தாலும் உங்கள் குழுக்களுக்குப் பெரிய சுமை கூடியிருக்காது.

ஊனமுற்றோர் பிரிவில் விண்ணப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்குச் சான்றிதழ் வேண்டும், அதன் நகலைப் படிவத்தோடு இணைக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் 82 வயதுக்காரரைச் சான்றிதழ் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போக முடிகிறவர்கள், அதற்குப் பதில் பூத்துக்கே தூக்கிப்போய்விடுவார்கள். கொரோனா காலத்தில் தொற்று உள்ளவர்களையும், தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டவர்களையும் இதே விதியில் சேர்த்தார்களே. நோயே ஒரு காரணம் என்று அப்போது ஒப்புக்கொண்டாயிற்று. கொரோனா என்றால் சரி, பக்கவாதம் என்றால் ஆகாது என்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது, வீட்டிலிருந்து ஓட்டுப்போட விண்ணப்பிக்கும் 12டி படிவம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் அது அலுவலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். 2024-இல் எங்களுக்கு அறிவிக்கை ஏப்ரல் 18-இல் வந்தது, வாக்குப்பதிவு மே 13. ஏப்ரல் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்கு ஒரு வழியும் இல்லை. அவசரத்துக்கு என்ன காரணம் என்றும் தெரியவில்லை. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் ஏப்ரல் 29. அதுவரை சீட்டில் எந்தப் பெயர் இருக்கும் என்பதே முடிவாகாது, அச்சடிப்பதும் அதற்குப் பிறகுதான்.

கதவைத் திறந்துவிட்டால் மோசடி வரும் என்ற பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. கேட்டவர்க்கெல்லாம் தபால் ஓட்டு என்று கொடுத்த பிரிட்டனில், 2004 பர்மிங்காம் உள்ளாட்சித் தேர்தலில் நடந்த தபால் ஓட்டு மோசடியால் உறுப்பினர்களின் வெற்றியையே நீதிமன்றம் ரத்து செய்தது. எங்கள் வீடுகளிலும் பெரியவருக்குப் பதில் பிள்ளையே குறியிட்டுவிடுவது நடக்காத காரியம் அல்ல. எனவே சீட்டை வீட்டுக்குத் தபாலில் அனுப்பச் சொல்ல மாட்டேன். குழுவே நேரில் வருவதும், கட்சிக்காரர்கள் உடன் வர அனுமதிப்பதும், கேமரா ஓடுவதும் நல்ல ஏற்பாடுகள். அப்படியே இருக்கட்டும்.

அந்தக் குழுவுக்குப் பயிற்சிதான் போதவில்லை. 2021-இல் கேரளத்தின் பெரிந்தல்மண்ணாவில் 38 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. அங்கே எண்ணாமல் ஒதுக்கிய தபால் ஓட்டுகள் 348. அலுவலர் கையெழுத்து, வரிசை எண் போன்றவை விடுபட்டதுதான் காரணம். வழக்கு நடக்கும்போதே ஒரு பெட்டி காணாமல் போய், கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் கிடைத்தது தனிக் கூத்து. வீட்டு ஓட்டு வருவதற்கு முன்பே, தமிழ்நாட்டில் 2016-இல் ராதாபுரம்: 49 ஓட்டில் வெற்றி, தள்ளுபடியான தபால் ஓட்டு 203. சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி உண்டா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஓட்டுப்போட்டவர் எல்லாம் சரியாகச் செய்திருந்தும், கையெழுத்திட வேண்டியவரின் கவனக்குறைவால் ஓட்டு குப்பைக்குப் போகலாமா?

விதியைத் திருத்துவது சட்ட அமைச்சகம்தான், ஆனால் உங்களைக் கலக்காமல் திருத்தாது. எங்களுக்கு அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2028 இறுதியில். அதற்குள் மூன்று காரியம் கேட்கிறேன். வயது எதுவாக இருந்தாலும், படுக்கையில் இருப்பவர் என்று அரசு மருத்துவர் எழுதித் தரும் சீட்டை 12டி-யோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருமுறை கொடுத்த விண்ணப்பம், வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து சரிபார்க்கும் நிபந்தனையோடு தொடர்ந்து செல்லுபடியாகட்டும். கடைசி நாளை, வேட்புமனு வாபஸ் பெறும் நாள் மாலை மூன்று மணி வரைக்கும் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
திருமுல்கேரி வாக்காளர் ஒருவர்