முத்திரை இல்லாத தராசில் நம் பிள்ளைகளை நிறுப்பதா?

வியாபாரப் பெருமக்களே! உங்கள் கடையில் மின்னணுத் தராசு இருந்தால் ஆண்டுக்கொரு முறை அதைச் சோதித்து முத்திரை வைக்க வேண்டும். "என் தராசு சரியானதுதான், நானே பார்த்துவிட்டேன்" என்று சொன்னால் சட்டம் ஒப்புக்கொள்ளுமா? ஒப்புக்கொள்ளாது. நிறுப்பவர் ஒருவர், தராசைச் சோதிப்பவர் வேறொருவர். அதுதான் நியாயம்.

அரைக் கிலோ பருப்புக்கே இவ்வளவு கட்டுப்பாடு! ஓர் இளைஞனின் தொழில் திறமையை நிறுத்து, "தேர்ச்சி" என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தத் தராசுக்கு முத்திரை வைப்பது யார்?

வல்லம் வடகால் சிப்காட் அருகே ஒரு டீக்கடையில் இரண்டு இளைஞர்களைச் சந்தித்தேன். ஒருவரிடம் வெல்டர் சான்றிதழ் இருந்தது. தொழிற்சாலையில் இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்து ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டிய தகட்டை வளைத்துப் பார்த்தபோது பற்று விரிசல் விட்டுவிட்டது. வேலை இல்லை. "ஹஜ்ரத், மூணு மாசத்துல நாலு நாள்தான் மெஷினைத் தொட்டேன். பரீட்சைக்கு வந்தவர் போட்டோ எடுத்தார். விடையை வாத்தியாரே சொல்லிட்டார். எல்லாருமே பாஸ்!" என்றார்.

மற்றவர் சென்னை புதுப்பேட்டைப் பட்டறையில் பத்து ஆண்டுகள் வெல்டிங் செய்தவர். கை பழகியவர். ஆனால் காகிதம் இல்லை. அதனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒருவரிடம் தொழில் இல்லாத காகிதம். இன்னொருவரிடம் காகிதம் இல்லாத தொழில். இரண்டு அநீதிக்கும் காரணம் ஒன்றே. பொய்ச் சான்றிதழ் பெருகப் பெருக, உழைத்துப் படித்தவனின் உண்மைச் சான்றிதழையும் எவரும் நம்புவதில்லை!

ஒரு பட்டறையில் நடந்த தவறுதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் குறித்த சி.ஏ.ஜி. அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களில் 94 சதவீதத்துக்கும் அதிகமானோரின் வங்கிக் கணக்கு விவரம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்ததாம். ஒரே புகைப்படம் பலருக்கு ஒட்டப்பட்டிருந்ததாம். ஆள் யார் என்பதே தெரியாதபோது, அவருக்குத் தொழில் தெரியும் என்று எப்படிச் சான்று கொடுத்தார்கள்?

காரணம் என்ன? திட்டத்தின் முந்தைய கட்டங்களில் பயிற்சி மையத்துக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பெரும் பங்கு, எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது. தேறினால் பணம், தவறினால் நஷ்டம். அப்படியிருக்க, மையம் யாரைத் தவற விட விரும்பும்?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2018ல் அறிவிக்கப்பட்டு 2020ல் இயங்கத் தொடங்கிய தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் கவுன்சில், சான்றிதழ் வழங்கும் அமைப்புகளையும் மதிப்பீடு செய்யும் நிறுவனங்களையும் அங்கீகரித்துக் கண்காணிக்க வேண்டிய அமைப்பு. அதாவது, தராசுக்கு முத்திரை வைக்க வேண்டியவர் அவரே! காகிதத்தைப் பார்த்து முத்திரை குத்தினால் போதாது. தேர்ச்சி பெற்றவர்களில் சிலரைத் திடீரென அழைத்து, வேறொரு மதிப்பீட்டாளரை வைத்து மறுபடியும் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் போட்ட மதிப்பெண்ணும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். மையவாரியாக முடிவை வெளியிட வேண்டும். நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் மையத்தைப் பாராட்டுவதற்கு முன் சோதிக்க வேண்டும்!

இங்கே ஏமாற்றித் தேறினாலும் வெளிநாட்டில் செல்லாது. சவூதி அரேபியா 2021ல் தொழில் திறன் சரிபார்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற வேலைகளுக்குப் போகிறவர்களுக்கு இந்தியாவிலேயே தேர்வு வைக்கிறார்கள். நம் சான்றிதழை நம்பாமல் அவர்கள் தனித் தராசு கொண்டுவந்துவிட்டார்கள். இது நமக்குத் தலைகுனிவு இல்லையா?

இளைஞர்களே! ஒரு மையத்தில் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நான் மெஷினைத் தொடுவேன்? தேர்வு வைப்பவர் வெளியாளா, அந்தத் தொழில் தெரிந்தவரா? போன முறை தேறியவர்கள் இன்று எங்கே வேலை பார்க்கிறார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். பட்டறையில் தொழில் கற்றவர்களே! முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை உண்டு. கேட்டுப் பெறுங்கள், செய்துகாட்டிப் பெறுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி முகாமுக்கு நன்கொடை கொடுக்கும்போது "எத்தனை பேருக்குச் சான்றிதழ்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பேர் தவறினார்கள், அவர்களுக்கு மீண்டும் பயிற்சி கொடுத்தீர்களா?" என்று கேளுங்கள்.

சான்றிதழ் என்பது சாட்சி. பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.