கோரைக்குத் தெரியுமா ஆம்பளை, பொம்பளை?

லேசான வேலையாம். பொம்பளைங்க செய்யறது லேசான வேலையாம், அதனாலதான் கூலி கம்மியாம். ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு சூப்பர்வைசர் சொல்றாரு. அந்த ரூம் ஜன்னல்ல பச்சைப்பசேல்னு தெரியுதே புல்தரை, அதுல ஒரு நாள் குத்தவச்சு களை எடுத்துப் பாருங்க சார். சாயங்காலம் எழுந்து நிக்க முடியுதான்னு பாக்கலாம்.

கோரையை மேலாகப் பிய்ச்சா நாலே நாள்ல திரும்ப முளைச்சுடும். களைக்கொத்தியை இறக்கி, அடியில இருக்கிற கிழங்கோட நோண்டி எடுக்கணும். கிழங்கு அறுந்து மண்ணுல தங்கிட்டா பட்ட பாடெல்லாம் வீண். கொரியன் புல்லு வேற மெத்தையாட்டம் அடர்ந்து கிடக்கும். அது கிழியாம கோரையை மட்டும் உருவணும். கிழிஞ்சா அதுக்கும் திட்டு. பார்த்தீனியம் பிடுங்குற அன்னிக்கு ராத்திரி பூரா கை அரிக்கும். கையுறை டெண்டர் பேப்பர்ல இருக்காம். எங்க கைக்கு வந்து சேரல.

புல்லு வெட்டுற மெஷின் ஆம்பளைங்க வேலை. பாரம்தான், ஒத்துக்கறேன். கல்லு தெறிச்சா கண்ணு போயிடும். அவங்க கூலியைக் குறைங்கன்னு நான் சொல்லல, அவங்களுக்கே அது பத்தல. ஆனா மெஷின் ரிப்பேரான அன்னிக்கு அவங்களும் எங்க பக்கத்துல உக்காந்து களைதானே பிடுங்குறாங்க? அதே பாத்தி, அதே கோரை, அதே வெயில். அன்னிக்கும் அவங்களுக்கு ஆம்பளைக் கூலி, எனக்குப் பொம்பளைக் கூலி. இது எந்த ஊரு நியாயம்?

ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலின்னு 1976-லயே சட்டம் போட்டாச்சாம். எம்மக படிச்சுச் சொன்னா. நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த சட்டம், இன்னும் இந்த கேட்டுக்குள்ள வரல. கம்பெனியில கேட்டா கான்ட்ராக்டரைக் கேளுங்கறாங்க. கான்ட்ராக்டரைக் கேட்டா கம்பெனி குடுக்கிற ரேட்டே அவ்வளவுதாங்கறாரு. அவரையும் பிடிச்சு உலுக்க முடியாது, டெண்டர் முடிஞ்சா வேற ஆளு வந்துடுவாரு. புது அடையாள அட்டை குடுப்பாரு, நானும் புது ஆளாயிடுவேன். அட்டை மாறுது, கூலி மாறல.

கூலிதான் இப்படின்னா, வெயில் கதையும் அப்படித்தான். 2024-ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அரசாங்கம் அறிவிச்சுது. வெயில்ல செத்துப்போனா குடும்பத்துக்கு 4 லட்சமாம். உசுரோட இருக்கிறவ மத்தியானம் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில உக்காந்தா, "எழுந்திரும்மா, விசிட்டர் வர்ற நேரம்"னு விரட்டுறாங்க. அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தி வளர்த்ததே நாங்கதான்.

ஒரே கூலி வேணும்னு தனியா கேட்டவளை மறுநாள் கேட்டுலயே நிறுத்தினாங்க. இப்ப எல்லாரும் சேர்ந்து கேக்கறோம். சம்பளப் பட்டியல்ல ஒரே ரேட்டு போடுங்க. இத்தனை வருஷமா குறைச்சுக் குடுத்ததையும் கணக்குப் பண்ணிக் குடுங்க.