வகை வகுப்பவர் யார்?

கலைகளை வகைப்படுத்துதல் வெறும் பெயர்சூட்டு வேலை என்று எண்ணுவார் உளர். அவ்வெண்ணம் பிழை. ஒன்றனை இன்ன வகையினது என்று சொல்லும் பொழுதே, அஃது எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு மதிக்கப்பெற வேண்டும் என்பனவும் உடன் முடிவாகி விடுகின்றன. ஆகலின், வகை யாது என்று கேட்கு முன், அதனை வகுத்தவர் யார் என்று கேட்டல் வேண்டும்.

நம் முன்னோர் வகுத்த முறையை முதற்கண் காண்போம். தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் நிலைக்களன்களாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழனைக் கூறுகின்றது. சிறுவர் போடும் விடுகதையும் மூதாட்டி சொல்லும் பழமொழியும் புலவனின் பாட்டுக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கின்றன! அவற்றுள் உயர்ந்தது இது, தாழ்ந்தது இது என்று ஆசிரியர் பிரிக்கவில்லை. எண்வகை வனப்பினுள் 'புலன்' என்பது மக்கள் வழங்கும் எளிய சேரிமொழியால் அமைவது. 'விருந்து' என்பதோ புதிதாகப் புனையப்பெறுவது. பழமைக்கு இலக்கணம் எழுதியவர் இனி வரப்போகும் புதுமைக்கும் ஓர் இருக்கை இட்டு வைத்தார் என்றால், அப்பேரறிவை என்னென்பது! மேலும், திணைக்குரிய கருப்பொருள்களுள் யாழையும் பறையையும் அவர் சேர்த்தார். இலக்கிய வகையும் இசை வகையும் ஒரே நிலத்தில் முளைத்தன. வாழ்க்கையே அவற்றுக்கு வேர்.

இந்நேர்மை பின்னர்க் கெட்டது. பிற்காலப் பாட்டியல் நூல்கள் வெண்பாவை அந்தணர்க்கும், ஆசிரியப்பாவை அரசர்க்கும், கலிப்பாவை வணிகர்க்கும், வஞ்சிப்பாவை வேளாளர்க்கும் உரியவாக்கின. எழுத்துக்கும் பாவுக்கும் கூடப் பிறப்பு வேறுபாடு கற்பித்தனர்! தொல்காப்பியர் கனவிலும் கருதாத கொடுமை இது. வகைப்பாடு என்னும் நல்ல கருவி, ஆரியக் கோட்பாட்டின் கைப்பட்டதும் மேல் கீழ் அளக்கும் கோலாயிற்று.

அக்கோல் இசையில் செய்த கேட்டைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தார் நன்கு அறிவர். தேவாரத்துக்குப் பண் வகுத்தவர் யார்? விருத்தாசலத்தை அடுத்த எருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வழிவந்த பெண்மணி ஒருவரே என்கிறது திருமுறை கண்ட புராணம் சொல்லும் மரபுவழிச் செய்தி. பாணர் குடிப் பெண் வகுத்த வகையே பண்! அப்பண்களின் பெயர்கள் இன்று எத்தனை பேர் நாவில் உள்ளன? ஓதுவார் மரபில் தக்கேசி காம்போதியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், செவ்வழி எதுகுலகாம்போதியாகவும் பாடப்பெறுகின்றன. ஒலி நம்முடையது, ஒட்டிய பெயர்ச்சீட்டோ பிறருடையது.

பெயர் போன பின் இடமும் போயிற்று. சீகாழி முத்துத்தாண்டவரும், அருணாசலக் கவிராயரும் (1711–1779), சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் (1712–1787), எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்னும் உறுப்புகளையுடைய இசைப்பாட்டைத் திருவாரூரில் பிறந்த மூவர்க்கும் முன்னரே பாடி வைத்தனர். எனினும், இசையரங்குகளில் தெலுங்கும் வடமொழியும் நடுவிடத்தைப் பிடித்துக் கொள்ள, தமிழ்ப்பாட்டு இறுதியில் எஞ்சிய சில நிமைய நேரத்தில் 'துக்கடா'வாகப் பாடப்பட்டது. துக்கடா என்னும் வடபுலச் சொல்லுக்குத் துண்டு என்பது பொருள். தமிழ்நாட்டில் தமிழ்ப்பாட்டு ஒரு துண்டு! அஃது இசையிலக்கணம் கண்ட வகையன்று. தமிழின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு.

அத்தீர்ப்பை எதிர்த்து எழுந்ததே தமிழிசை இயக்கம். அண்ணாமலை அரசர் 1929இல் நிறுவிய பல்கலைக் கழகத்தின் நிழலில், 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. அப்பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலானந்த அடிகள் 1947இல் 'யாழ்நூல்' வழங்கினார். இசைக்கு மொழி முதன்மையன்று என்று வாதிட்டவர்கள் அன்று இருந்தனர். முதன்மையன்று எனின், தமிழ் நடுவிடத்துக்கு வருவதில் அவர்க்கு என்ன இழப்பு?

தில்லையில் நிகழ்ந்ததும் இதுவே. திருச்சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாடுதல் வழக்கமன்று என்றனர் தீட்சிதர். அரசாணை பெற்று, காவலர் துணையோடு, 2008 மார்ச்சுத் திங்களில் ஆறுமுகசாமி ஓதுவார் அங்கே பாட வேண்டியதாயிற்று. ஒரு மொழிக்கு மேடை, ஒரு மொழிக்குக் கீழ்த்தளம் என்பதும் வகைப்பாடே அன்றோ! அரங்கில் துக்கடா என்றது எதுவோ, அதுவே அம்பலத்தில் வழக்கமன்று என்றது.

இன்றைய நிலை என்ன? கைப்பேசிச் செயலிகள் தேவாரத்தை 'டிவோஷனல்' என்னும் பெட்டிக்குள் அடைக்கின்றன. அதன் பண்ணும் தாளமும் ஆராயத்தக்க பேரிசை என்பதை அப்பெட்டி மறைத்து விடுகின்றது. தமிழ்த் திரைப்படங்கள் 'திரில்லர்', 'ஆரர்', 'ஆக்சன்' என்றே விளம்பரம் பெறுகின்றன. திரைப்படம் நம் மனைக்கு வந்த விருந்து, வரட்டும். ஆனால், வந்த விருந்துக்கு இருக்கையும் பெயரும் தர வேண்டியவர் மனைக்குரியவரே. திகிற்படம், அச்சப்படம், சண்டைப்படம் என்றால் எந்தப் படம் ஓடாமற் போகும்?

தமிழன்பர்களே! புலம்பிப் பயனில்லை, செயல் வேண்டும். உங்கள் ஊர்க் கோயில் விழாவுக்கும் திருமணத்துக்கும் இசைவாணரை அழைக்கும் பொழுதே, அரங்கின் நடுவிடம் தமிழ்ப்பாட்டுக்கு என்று உறுதி பெறுங்கள். பாடும் பண்ணின் தமிழ்ப் பெயரை அவையில் அறிவிக்கச் சொல்லுங்கள். தமிழாசிரியர்கள் வனப்பு எட்டையும் தேர்வுக்குரிய பட்டியலாக நடத்தாமல், இக்காலக் கதையையும் பாட்டையும் படத்தையும் அவற்றால் அளந்து காட்டுங்கள். தமிழ்க்கலையின் வகையைத் தமிழர் வகுக்கும் நாளே அது தன் இடத்தில் நிற்கும் நாள். அந்நாளை நம் ஊர் அரங்குகளிலிருந்தே தொடங்குவோம்!