வீட்டுக்குள் ஒன்று, வீதிக்கு ஒன்று



பழைய டிஜிட்டல் கமரா ஒன்று வாங்கலாமா, வாங்குவதென்றால் எதை வாங்குவது என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அநேகமானோர் "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான் தொடங்குகிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்பது வேறு. எங்கே நின்று படம் எடுக்கப் போகிறீர்கள்? ஒற்றை அறை வீட்டில் மின்குமிழ் வெளிச்சத்திலா, வீதியில் பட்டப்பகலிலா? இதற்கு மறுமொழி கிடைத்துவிட்டால் மிச்சம் பெரிய சோலி இல்லை.

கையில் ரெலிபோன் இருக்க ஏன் கமரா என்றும் கேட்பீர்கள். நியாயம்தான். விலை கூடிய புதிய ரெலிபோன் வைத்திருப்பவருக்கு நாம் இங்கே எழுதப்போகும் இரண்டு கமராவும் தேவையில்லை. இருட்டிலும் அது இவற்றைவிட நன்றாக எடுக்கும். ஆனால் வந்து ஒன்றிரண்டு வருடமான எங்கள் ஆக்களில் எத்தனை பேரிடம் அப்படியான ரெலிபோன் இருக்கிறது? இருக்கிற அந்த ஒன்றுக்குள்ளேதான் வங்கிக் கணக்கு, பிறிபெக்சர் கடிதங்கள், வேலைத்தலத்து இலக்கங்கள், ஊரிலிருந்து வந்த அம்மாவின் குரல் எல்லாம் கிடக்கின்றன. தேர்க் கூட்டத்தில் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும்போது யாராவது தட்டிப் பறித்தால் போவது படம் மட்டும் அல்ல. கமரா போனால் கமராவோடு போகட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்களுக்கு அதுதான் பெரிது. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும்போது உறவை நிரூபிக்கப் பிறப்பு, விவாகப் பதிவுகள் கேட்பார்கள். பதிவு இல்லாவிட்டாலோ, அதில் சந்தேகம் எழும்பினாலோ, ஒரே குடும்பமாக இருந்துவருகிறோம் என்று காட்டுகிற வேறு ஆதாரங்களையும் கொடுக்க பிரெஞ்சுச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. காசு அனுப்பிய துண்டு, கடிதம் ஆகியவற்றோடு படங்களையும் கொண்டுவரும்படி வழக்கறிஞர்கள் சொல்வது இதனால்தான். படம் மட்டும் காணாது. ஆனால் தமிழ்நாட்டில் குடும்பம் சந்தித்துக்கொண்ட மூன்று கிழமையின் படங்கள் திகதி வரிசைப்படி இருந்தால் அதற்கென்று ஒரு பெறுமதி இருக்கிறது. வாட்சப்பில் வழக்கம்போல் அனுப்பிய படத்தில் இந்தத் திகதி விபரம் கழன்றுவிடும், படமும் சுருங்கிவிடும். கமராவின் மெமரி காட்டில் இருக்கிற மூலப்படத்தில் அது அப்படியே இருக்கும். ஆகையால் எந்தக் கமராவை வாங்கினாலும் முதல் வேலை மணிக்கூட்டையும் திகதியையும் சரியாக வைப்பது. பழைய கமராக்களில் பற்றரியைக் கழற்றிக் கனநாள் வைத்தால் திகதி அழிந்துவிடும். பயணம் வெளிக்கிடமுன் இன்னொரு தடவை பாருங்கள்.

இனி விடயத்துக்கு வருவோம். நாம் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று 2006 இல் வந்த ஃபூஜி ஃபைன்பிக்ஸ் எஃப்30. மற்றது 2008 இல் வந்த கனன் பவர்ஷொட் ஏ590 ஐஎஸ். இரண்டும் சட்டைப்பைக்குள் அல்லது ஜக்கற் பைக்குள் அடங்குகிற சாமான்கள். இரண்டும் எப்போதோ உற்பத்தி நின்றுபோனவை.

ஃபூஜி 6 மெகாபிக்சல், கனன் 8 மெகாபிக்சல். உடனே கனன்தான் பெரிது என்று நினைக்க வேண்டாம். உள்ளே வெளிச்சத்தை வாங்குகிற தகடு ஒன்று இருக்கிறது, சென்சர் என்பார்கள். ஃபூஜியின் சென்சர் பரப்பளவில் கனனுடையதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். பெரிய தகட்டைக் குறைந்த எண்ணிக்கையான புள்ளிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற வெளிச்சம் கூட. மழைக்கு வாளி வைப்பதுபோல: வாய் அகன்ற வாளியில் கெதியாகத் தண்ணீர் சேரும். ஃபூஜி அந்த நாளில் பெயர் எடுத்ததே இதனால்தான். ஐஎஸ்ஓ 800 வரைக்கும் அதில் படம் பார்க்கத்தக்கதாக வரும். 1600 கூட சின்ன அளவில் அச்சடிக்கலாம். கனனில் 400 ஐத் தாண்டினால் முகத்தில் புழுதி படிந்ததுபோல் புள்ளிகள் எழும்பத் தொடங்கும்.

கனனுக்கு இதற்கு ஈடாக ஒரு வித்தை இருக்கிறது. கை நடுங்கினால் லென்சுக்குள்ளேயே ஒரு பகுதி அசைந்து அதைச் சமப்படுத்தும். பெயரின் கடைசியில் உள்ள "ஐஎஸ்" அதைத்தான் குறிக்கிறது. ஃபூஜியில் அது இல்லை. "அப்படியென்றால் இருட்டுக்குக் கனன்தானே நல்லது?" என்று விற்கிறவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். சாமிப் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கை, சும்மா இருக்கிற பாட்டியை எடுப்பதென்றால் அது சரி. ஆனால் அந்த வித்தை பிடிக்கிற கையின் நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ஓடித் திரிகிற பிள்ளையை நிறுத்தாது! மூன்று வயதுப் பிள்ளை கேக் வெட்டும்போது கை தெளிவாக வரவேண்டுமென்றால் ஷட்டர் கெதியாக மூட வேண்டும். கெதியாக மூடுவதற்கு வெளிச்சத்தைக் கூடப் பிடிக்கிற சென்சர் வேண்டும். வீட்டுக்குள்ளே பிள்ளைகளை எடுப்பதற்கு ஃபூஜி என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

பிளாஷ் பற்றியும் ஒரு சொல். எங்கள் நிறத்து முகத்தில் சின்னக் கமராவின் பிளாஷ் நேராக அடித்தால் நெற்றியும் கன்னமும் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும், பின்னுக்கு நிற்கிறவர்கள் கறுப்பாகிவிடுவார்கள். ஃபூஜியில் அறையின் வெளிச்சத்தையும் கணக்கில் எடுத்துப் பிளாஷைத் தணித்து அடிக்கிற ஒழுங்கு இருக்கிறது. பிளாஷ் படம் அதில் பழுதில்லை. மற்றபடி இரண்டிலும் பிளாஷ் மூன்று, நான்கு மீற்றருக்கு அப்பால் பெரிதாகப் போய்ச் சேராது. லாகூர்நெவ் பக்கத்து மண்டபங்களில் சாமத்தியச் சடங்குக்குப் போனால், கடைசி வரிசையில் இருந்து மேடையை நோக்கிப் பளிச் பளிச் என்று அடிப்பதைக் காணலாம். முன்வரிசைக்காரரின் முதுகுதான் வெளிச்சமாக விழும்.

வீதிக்கு இறங்கினால் கதை மாறுகிறது. றூ பஜோலில் இருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்ரெம்பர் தொடக்கத்தில் லாச்சப்பல் வீதிகளைச் சுற்றி வரும். வெய்யில், சனம், தூரத்தில் சாமி. கனனின் லென்ஸ் நான்கு மடங்கு இழுக்கும், ஃபூஜி மூன்று மடங்குதான். மூன்றுக்கும் நான்குக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கடையில் தோன்றும். நடைபாதையில் ஐந்து வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்தால் விளங்கும். அதோடு கனனில் கண் வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடித் துவாரம் இருக்கிறது. வெய்யிலில் பின்திரை தெரியாமல் போனாலும் அதற்குள்ளே பார்த்து எடுக்கலாம். கமராவை நெற்றியோடு ஒட்டிப் பிடிப்பதால் கையும் அசையாது. ஃபூஜிக்கு அந்தத் துவாரம் இல்லை, திரையை நம்பித்தான் எடுக்க வேண்டும். கடும் வெய்யிலில் அதற்கு இன்னொரு குறையும் உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை வெளிறிப்போகும், மரக்கிளையின் ஓரத்தில் ஊதாக் கோடு விழும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைத்தால் ஓரளவு திருந்தும். சிதறு தேங்காய் அடிக்கிற கணத்தைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டு கமராவிலும் ஷட்டர் வேகத்தைத் தாமே வைக்கலாம். 500 இல் ஒரு பங்கு விநாடி வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் படத்தின் கதை. புதிதாக வந்த குடும்பத்துக்குப் படத்தைவிட முக்கியம் பற்றரியும் காட்டும். கனனுக்கு இரண்டு சாதாரண ஏஏ பற்றரி போதும். எந்த அல்ஜீரியாக்காரர் கடையிலும் இரவு 11 மணிக்கும் கிடைக்கும். ஆனால் ஒரு யூரோவுக்கு ஒரு கட்டு விற்கிற மலிவுப் பற்றரி பத்துப் பதினைந்து படத்தோடு படுத்துவிடக்கூடும். திருப்பிச் சார்ஜ் பண்ணுகிற நிக்கல் வகையில் நான்கு வாங்கி வையுங்கள். காட் சாதாரண எஸ்டி, 32 ஜிபி வரை ஏற்கும். 64 ஜிபி காட்டைப் போட்டு "கமரா பழுது" என்று சொல்ல வேண்டாம், அது வேறு வகை.

ஃபூஜியின் பற்றரி எப்படி என்றால், ஒரு சார்ஜில் 580 படம் என்பது கொம்பனி கொடுத்த கணக்கு. அந்தக் காலத்துச் சின்னக் கமராவுக்கு அது பெரிய விடயம். அதே பற்றரியைப் பின்னாளில் ஃபூஜியின் விலை கூடிய எக்ஸ்100 கமராவுக்கும் போட்டதால் இன்றைக்கும் வாங்கலாம். தலையிடி காட்தான். அது எக்ஸ்டி என்ற தனி வகை. ஃபூஜியும் ஒலிம்பசும் 2002 இல் கொண்டுவந்து, 2010 அளவில் தாங்களே கைவிட்டவை. 2 ஜிபிக்கு மேல் செய்யப்படவே இல்லை. படத்துக்கு 3 எம்பி என்று வைத்தாலும் 1 ஜிபியில் 300 படத்துக்கு மேல் அடங்கும், கொள்ளளவு பிரச்சினை இல்லை. ஆனால் காட் இல்லாமல் கமராவை மட்டும் விற்பார்கள். பிறகு காட்டைத் தேடினால் கமராவின் விலையைக் கேட்பார்கள். அதை வாசிக்கிற றீடரும் எல்லாக் கடையிலும் இல்லை. காட்டும் சார்ஜரும் சேர்த்துக் கொடுத்தால் ஒழிய ஃபூஜியை வாங்காதீர்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு எங்கள் அபிப்பிராயம் கனன். கைக்குழந்தையோ ஓடுகிற பிள்ளையோ வீட்டில் இருந்து, எக்ஸ்டி காட்டோடு ஃபூஜி அகப்பட்டால் மட்டும் ஃபூஜி.

வாங்குகிற இடம்: பஸ்தீலுக்கும் றிபப்ளிக்குக்கும் இடையிலுள்ள பொலெவார் பூமார்ஷேயில் பழைய கமராக் கடைகள் வரிசையாக உண்டு. விலை கொஞ்சம் கூட. ஆனால் கடையில் வாங்கிய பழைய சாமானுக்கும் பிரான்சில் 2 வருடச் சட்ட உத்தரவாதம் இருக்கிறது. 2022 ஜனவரி தொடக்கம், முதல் 12 மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால் அது விற்கும்போதே இருந்த பழுது என்று எடுத்துக்கொள்ளப்படும், நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. பில்லைக் கவனமாக வைத்திருந்தால் சரி. வீதிச் சந்தையில், வீட்டுச் சாமான் விற்கும் வித்-கிரெனியேயில் தனியாளிடம் வாங்கினால் இந்த உத்தரவாதம் இல்லை. எமாயூஸ் கடைகளிலும் சிலவேளை அகப்படும். யப்பானியக் கமராச் சங்கத்தின் கணக்கில் 2010 இல் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமராக்கள் உலகச் சந்தைக்குப் போயின. 2023 இல் லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கமராக்கள் 17 இலட்சம் அளவுதான். ஆகவே பழையது ஊரெல்லாம் கிடக்கிறது. இளம் பிள்ளைகள் பாஷனுக்காகத் தேடத் தொடங்கியதால்தான் விலை ஏறியது. ஒரு நாள் சம்பளத்துக்கு மேலே கொடுக்காதீர்கள்.

தொழிற்சாலையில் சாமானைப் பெட்டியில் போடமுன் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அப்படிப் பாருங்கள். சொந்தமாக இரண்டு ஏஏ பற்றரியும் ஒரு எஸ்டி காட்டும் பைக்குள் கொண்டுபோங்கள். பற்றரி அறையின் கம்பிகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். மூடியின் பிளாஸ்டிக் கொழுக்கி இறுக்கமாக நிற்கிறதா? லென்ஸ் வெளியே வரும்போது அரைக்கிற சத்தம் கேட்கிறதா? வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துத் திரையில் பெருப்பித்துப் பாருங்கள், கறுத்தப் பொட்டு இருந்தால் உள்ளே தூசி. 2002 தொடக்கம் 2004 வரை செய்த கமராக்கள் பலவற்றில் சோனி செய்த சென்சர் பழுதாகிப் படம் ஊதாவாகவும் கோணலாகவும் வந்ததால், 2005 இல் பல கொம்பனிகள் இலவசமாகத் திருத்திக் கொடுத்தன. அந்த வருடத்துச் சாமான் மலிவாக வந்தாலும் வேண்டாம்.

இடையில் ஒன்று. விசா காட்டுக்கும் சாரதி அனுமதிப் பத்திரத்துக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கும்போது கேட்கிற படத்தை வீட்டுக் கமராவில் எடுத்துக் கொடுக்க முடியாது. அதற்கு அங்கீகாரம் பெற்ற பெட்டியில் அல்லது படப்பிடிப்பாளரிடம் எடுத்து, அவர்கள் தரும் ஈ-போட்டோ இலக்கத்தைப் பதிய வேண்டும்.

கடைசியாக அச்சடிப்பது. ஃபூஜியின் படம் 24 சதமமீற்றர் அகலம் வரை, கனனின் படம் 27 வரை கூர்மை குறையாமல் அச்சாகும். வீட்டு அல்பத்துக்கு இரண்டும் மிஞ்சியது. ஆனால் இந்தக் கமராக்களின் படம் நாலுக்கு மூன்று என்ற அளவு. கடையில் வழக்கமான 10க்கு 15 தாளில் அடித்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். குழுப்படத்தில் வெட்டுப்படுவது பின்வரிசையின் தலைதான். பிரான்சில் பல இடங்களில் 11க்கு 15 என்ற அளவும் இருக்கிறது, அதைக் கேளுங்கள். ஊருக்குப் படத்தை ரெலிபோன் வழியாக அனுப்பி அங்கே அடிப்பிப்பதென்றால், வாட்சப்பில் படமாக அனுப்பாமல் "டொக்கியூமென்ற்" ஆக அனுப்பினால் சுருங்காது, திகதியும் கூடவே போகும். அச்சடித்த படத்தின் பின்பக்கத்தில் பெயரையும் இடத்தையும் மெல்லிய மார்க்கரால் எழுதி, மை காய்ந்தபிறகு அடுக்குங்கள். குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் முகத்தில் கோடு விழும்.