கொடையும் கொள்ளையும்

நெஞ்சாங்குலைக் குழாய்களில் குருதி உறையாது காக்கும் குளோப்பிடோகிரெல் மாத்திரை, கல்லீரல் நொதி ஒன்றால் மாற்றப்பெற்ற பின்னரே வினைபுரியும். அந்நொதிக்குரிய மரபணு திரிந்தவர்க்கு அம்மருந்தின் பயன் குறையும். அத்திரிபு ஐரோப்பியரினும் தமிழரிடை மிகுதி என்பதைப் புதுவைச் சிப்மர் ஆய்வாளர் 2003-இலேயே காட்டினர். உலக மரபணுத் தொகுப்புகளிலோ ஐரோப்பியர் தரவே பெரும்பான்மை. எனவே, இந்தியர் 10,000 பேரின் மரபணுத் தரவைத் திரட்டிப் பரிதாபாத்து நடுவத்தின்வழி 2025-இல் ஆய்வாளர்க்குத் திறந்த முயற்சி வரவேற்கத்தக்கதே.

ஆயின், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் கூலித் தொழிலாளி நாளை குருதி தருவானாயின், அஃது எதற்கு, அத்தரவை எவரெவர் காண்பர் என்பதை அவனுக்குத் தமிழில் உரைத்தல் வேண்டும். விளங்காத தாளில் இட்ட கைந்நாட்டு இசைவாகாது! ஆய்வின் பயனும் அவன் ஊர் மருத்துவமனைக்கே திரும்புதல் வேண்டும். கொடுத்தவனுக்கு உதவாத கொடை, கொள்ளையே!